கடனோடு இறந்த பக்தன்

எலிசா தீர்க்கதரிசியிடம் வந்து முறையிட்ட விதவைக்கு வேதத்தில் பெயர் இல்லை. அவள் புருஷன் தீர்க்கதரிசிகளின் கூட்டத்தில் ஒருவன். கர்த்தருக்குப் பயந்து நடந்தவன். அவன் இறந்துவிட்டான், கடன் நிற்கிறது, கொடுத்தவன் அவளுடைய இரண்டு பையன்களையும் அடிமைகளாக்கிக் கொண்டுபோக வந்துவிட்டான். இரண்டாம் இராஜாக்கள் நாலாம் அதிகாரம் இப்படித்தான் தொடங்குகிறது. ஏழே வசனத்தில் கதை முடிந்தும் விடுகிறது.

இந்தப் பகுதியில் பிரசங்கம் கேட்காத கிறிஸ்தவர் திருநெல்வேலிச் சீமையில் இருக்க மாட்டார். பெரும்பாலும் அவள் வீட்டு எண்ணெய் அற்புதமாகப் பெருகியதைப் பற்றித்தான் பேச்சு இருக்கும். நானோ முதல் வசனத்திலேயே நின்றுவிடுகிறேன். தேவபக்தியுள்ள ஒரு மனிதன் கடனோடு இறந்தான் என்று வேதம் சொல்கிறது. எதற்காக வாங்கினான் என்று கேட்கவில்லை. ஊதாரியா, சோம்பேறியா, காணிக்கையை ஒழுங்காகக் கொடுத்தானா, ஜெபத்தில் குறைவைத்தானா என்ற எந்த விசாரணையும் இல்லை. எலிசா அந்த அம்மாளிடம் விசாரித்தது இரண்டே விஷயம்: தான் என்ன செய்ய வேண்டும், வீட்டில் என்ன மிச்சம் இருக்கிறது.

நம் சபைகளில் ஒரு குடும்பம் கடனில் மாட்டிக்கொண்டது தெரிந்தால் முதலில் எழுவது அந்தக் கேட்கப்படாத கேள்விகள்தான். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் நிற்கும்போது பார்வையில் இருக்கும், ஆறுதல் சொல்ல வருகிறவர்களின் ஜெபத்திலும் இருக்கும். குடும்பத்தில் ஏதாவது மறைவான பாவம் இருந்தால் உணர்த்தும் ஆண்டவரே என்று வேண்டிக்கொள்வார்கள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரருக்கு, தவணை கட்ட முடியாத தன் நிலைமைக்கு இப்போது தேவ கோபமும் சேர்ந்துகொண்டது போல இருக்கும்.

சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் யார் என்று பாருங்கள். கடன் அடைந்தவர், பையனுக்கு விசா வந்தவர், விற்காமல் கிடந்த மனை விற்றவர். அவர்கள் நன்றி சொல்வது நியாயம், அந்த நன்றியில் பொய் இல்லை. இன்னும் அடையாத கடனோடு, இன்னும் வராத விசாவோடு, அப்படியும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சேலையை மடிப்பெடுத்துக் கட்டி, பிள்ளைகளைக் கிளப்பிக்கொண்டு கோயிலுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறாளே ஒருத்தி, அவளுக்குச் சாட்சி சொல்ல இடம் இல்லை. பிரச்சினை முடிந்த பிறகுதான் அவள் பேசலாம். முடியாமலே போய்விட்டால் பேசவே முடியாது. விசுவாசம் அதிகமாகத் தேவைப்படுகிற காலத்தில்தான் அவள் வாய்மூடி இருக்க வேண்டியிருக்கிறது.

இன்றைய கடன் எப்படி வேலை செய்கிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தென்காசிப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளிலும் தூத்துக்குடி உப்பளத்து வீடுகளிலும் ஒன்றுக்கு மேற்பட்ட நுண்கடன் குழுக்களில் கடன் வாங்கியிருக்கும் பெண்களைப் பார்க்கலாம். ஒரு குழுவின் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் எடுப்பார்கள். அடமானத்தில் இருக்கும் நகை திரும்புவதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். ஒருத்தி கட்டாவிட்டால் குழுவில் உள்ள மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பதால், தவணை கேட்டு வருகிற முதல் ஆள் பக்கத்து வீட்டு மதினியாகவே இருப்பாள். சபைக்குள் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள் அவர்கள். சமாதான வாழ்த்துச் சொல்ல ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பும்போது அந்த வாரத் தவணையும் இடையில் நிற்கிறது.

ஒரு குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து அதன் வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-இல் நுண்கடனுக்கு விதி வகுத்தது. வசூலுக்கு வருகிறவர்களின் மிரட்டலைத் தடுக்கத் தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் ஒரு சட்ட மசோதாவை நிறைவேற்றியது. இரண்டும் தேவையானவை. ஆனால் பாதி என்ற எல்லையையே ஒரு பாதுகாப்பாகச் சொல்ல வேண்டிய நிலைமைக்கு வந்திருக்கிறோம். இப்படிப்பட்ட வீட்டைப் பார்த்துத்தான் தசமபாகம் கொடுத்தால் வானத்தின் பலகணிகள் திறக்கும் என்று மல்கியாவைப் பிரசங்கிக்கிறோம்.

தசமபாகத்தை நான் எதிர்க்கவில்லை. கொடுப்பது மனிதனுக்கு எவ்வளவு தேவை என்பதைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் மல்கியாவைப் பிரசங்கிக்கிறவர்கள் உபாகமம் பதினாலாம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியையும் சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் ஆலயத்துக்குப் போகாது. அந்தந்த ஊரின் வாசல்களிலேயே அதை வைக்க வேண்டும். நிலம் இல்லாத லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும். அதாவது எலிசாவிடம் வந்து அழுத அந்த அம்மாளுக்குத் தசமபாகத்தில் பங்கு உண்டு. அவளிடம் வாங்குவதற்கு ஒரு பிரமாணம் இருப்பதாகச் சொல்கிற நாம், அவளுக்குக் கொடுக்கவும் ஒரு பிரமாணம் இருந்ததை மறந்துபோனோம்.

இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையும் அப்படித்தான். காணிக்கை எடுக்கும் ஞாயிறுகளில் அவளைப் பற்றி ஆயிரம் முறை கேட்டிருப்போம். மாற்கு எழுதிய வரிசையில் வாசித்தால், அதற்குச் சற்று முன்புதான் இயேசு வேதபாரகரைக் கண்டிக்கிறார். விதவைகளின் வீடுகளை விழுங்கிவிட்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்கள் என்கிறார். காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து அவளைக் கவனித்தது அதற்குப் பிறகு. அங்கிருந்து எழுந்து வெளியே வந்ததும், இந்த ஆலயத்தில் ஒரு கல்லின்மேல் ஒரு கல் மிஞ்சாது என்கிறார். அவளை அவர் மெச்சினார் என்பதில் சந்தேகமில்லை. அவளுடைய ஜீவனம் முழுவதையும் வாங்கிக்கொண்ட அந்த ஆலயத்தை அவர் மெச்சவில்லை.

இப்போது சில மேடைகளில் விதைப்புக் காணிக்கை என்று ஒன்று கேட்கிறார்கள். இன்ன தொகையை விதைத்தால் இத்தனை மடங்கு அறுப்பாய் என்கிறார்கள். விதைப்பதற்காகவே வட்டிக்கு வாங்கியவர்கள் இருக்கிறார்கள். இதைக் கேட்கும்போது எனக்கு வரும் கோபத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கலங்கி நிற்கும் தாயிடம், உன் விசுவாசத்தின் அளவைத் தொகையில் காட்டு என்று கேட்பது சுவிசேஷம் ஆகாது. கடன் கொடுத்தவன் பிள்ளைகளைத்தான் கேட்டான். இவர்கள் அவளுடைய தேவனையே அடமானம் கேட்கிறார்கள்.

கொடுப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த முதல் பாடம் அடுப்படியில் நடந்தது. உலை கொதித்ததும் அம்மா அரிசியைப் படியால் அளந்து முறத்தில் போடுவாள். களைவதற்கு முன் அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து, மாடத்தில் இருக்கும் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவாள். எங்கள் பக்கத்துச் சபைகளில் அதைப் பிடி அரிசி என்பார்கள். சனிக்கிழமை சாயங்காலம் டப்பாக்கள் எல்லாம் கோயில் திண்ணைக்கு வரும். உபதேசியார் வீட்டம்மா சாக்கை விரித்துப் பிடித்துக்கொள்வாள். ரேஷன் அரிசியும் பொன்னியும் குருணையும் புழுங்கலும் பச்சையும் ஒன்றாக விழும். பல நிறத்தில் இருக்கும் அந்த அரிசியைச் சோறாக்க முடியாது, ஒரே பதத்தில் வேகாது. கஞ்சிக்குத்தான் ஆகும். மாடி வீட்டுக் கைப்பிடியும் ஓலைவீட்டுக் கைப்பிடியும் சாக்குக்குள் போனபின் எது எவருடையது என்று பிரிக்க வழியில்லை.

அதில் இன்னொன்றும் நடந்தது. எந்த வீட்டு டப்பா வரவில்லை என்று பெண்களுக்குத் தெரிந்துவிடும். யாரும் பேர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். இருட்டின பிறகு அந்த வீட்டுக் கொல்லைப்புறம் வழியாக யாராவது போவார்கள். "ஏளா, இந்த அரிசி எங்க வீட்டுல பூச்சி வச்சிரும் போல இருக்கு, கொஞ்சம் வச்சுக்க" என்று ஒரு சாக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருவார்கள். ஆண்டவருக்கு வாங்குகிற அதே ஏற்பாடு, எந்த அடுப்பு எரியவில்லை என்பதையும் காட்டிக்கொடுத்தது. இன்று காணிக்கைப் பை வருவதற்கு முன்பே பலர் செல்போனில் அனுப்பிவிடுகிறார்கள். கணக்குச் சுத்தமாக இருக்கிறது. யார் அனுப்பவில்லை, ஏன் அனுப்பவில்லை என்று யோசிக்க ஆள் இல்லை.

இந்தச் சபைகளின் தொடக்கமே இந்த மாதிரி விஷயங்களில்தான் இருந்தது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியுஸ் ஐயர் பிரசங்கியாக மட்டும் நினைக்கப்பட வேண்டியவர் இல்லை. கிறிஸ்தவர்கள் ஆனதால் குடியிருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830-இல் தரும சங்கம் ஏற்பட்டது. ஊழியம் செய்து இறந்தவர்களின் விதவைகளுக்கும் ஒரு நிதி வைத்தார்கள். எலிசாவிடம் வந்தவளும் ஊழியக்காரனின் விதவைதானே. அவள் கதையை வாசித்துவிட்டு எண்ணெய்க்காகக் காத்திருக்காமல் நிதியை ஏற்படுத்தினார்கள் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அதை விசுவாசக் குறைவு என்று எவரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது, இந்தியப் பணத்தால், இந்திய ஆட்களால் மட்டுமே நடக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அந்தப் பணத்தில் பெரிய பங்கு, பருவத்துக்குப் பருவம் பனையேறி, பதநீர் காய்ச்சி, மற்ற மாதங்களில் கையைப் பிசைந்த குடும்பங்களிடமிருந்து வந்தது. அதைத் தொடங்குவதில் முன்னின்ற வெள்ளாளன்விளை அசரியா, பிறகு 1912-இல் தோர்ணக்கல் பேராயர் ஆனார். அங்கே அவர் சபையில் இருந்தவர்கள் நம்மைவிட ஏழைகள், பெரும்பாலும் கூலிகள். கிறிஸ்தவர்கள் கொடுப்பதைப் பற்றித் தனியாகப் புத்தகமே எழுதியவர் அவர். ஏழையிடம் கேட்கக் கூடாது என்று அவர் ஒருநாளும் நினைக்கவில்லை. ஏழையை வாங்குகிறவனாக மட்டுமே வைத்திருப்பது அவனை அவமதிப்பது என்று கருதினார்.

அதில் உண்மை இருக்கிறது. பால்காரருக்குப் பாக்கி நிற்கும் மாதத்திலும் அம்மா எங்கள் கைக்குட்டை நுனியில் காசு முடிந்து ஓய்வுநாள் பள்ளிக்கு அனுப்புவாள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது கணக்குத் தெரியாத செயல். கடைக்காரரிடமும் சீட்டுக்காரியிடமும் கடன்காரியாக நிற்கிற ஒருத்தி, வாரத்தில் ஒரு நாளாவது கொடுக்கிறவளாக நின்றாள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அந்த ஒரு நாள் இல்லாவிட்டால் மற்ற ஆறு நாட்களையும் அவள் எப்படி நிமிர்ந்து கடந்திருப்பாள் என்று என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

குடும்ப ஜெபத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணக்கஷ்டம் முதலில் கெடுப்பது பேச்சை. தகப்பன் எங்கே எவ்வளவு வாங்கியிருக்கிறார் என்று தாய்க்குத் தெரியாது. அவள் எந்த வளையலை வைத்தாள் என்று அவருக்குத் தெரியாது. மகன் பீஸ் கட்டக் கடைசித் தேதி போய்விட்டதைச் சொல்லாமல் இருப்பான். எல்லோரும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து மறைக்கிறார்கள். இரவு எட்டு மணி வாக்கில் பாயை விரித்து, ஒரு சங்கீதம் வாசித்து, முழங்கால் போட்டு, ஒவ்வொருவராக ஜெபிக்கும்போதுதான் ஒன்றிரண்டு வெளியே வரும். "ஆண்டவரே, வெள்ளிக்கிழமைக்குள்ள அந்தப் பணத்துக்கு ஒரு வழி காட்டும்" என்று அப்பா சொல்வார். வெள்ளிக்கிழமை என்ன இருக்கிறது என்று வீடே அப்போதுதான் தெரிந்துகொள்ளும். கண் மூடியிருப்பதால் யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. மனைவியிடம் நேராகச் சொல்ல முடியாததை, அவள் கேட்க, தேவனிடம் சொல்லிவிட முடிகிறது. ஆமென் சொல்லி எழுந்த பிறகு அம்மா ஒன்றும் கேட்க மாட்டாள். காலையில் காதில் கிடந்த கம்மல் அவர் சட்டைப்பைக்கு வந்திருக்கும்.

ஜெபம் கேட்கப்படுவது பற்றி வாதம் செய்கிறவர்கள் இந்தக் காரியத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெளியிலிருந்து பணம் வரவில்லை. வந்தது அந்த வீட்டுக்குள்ளிருந்தேதான். ஆனாலும் முந்தின இரவு வரை அதற்கு வழி இல்லாமல் இருந்தது. எலிசா வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டபோது, ஒன்றும் இல்லை, ஒரு குடம் எண்ணெய்தான் என்று அவள் சொன்னாளே, அந்த ஒரு குடம் சொல்லப்பட்ட பிறகுதான் கணக்கில் வந்தது. டெலிவிஷன் ஓடும் வீடுகளில் குடும்ப ஜெபம் குறைந்துபோனதைப் பக்தி குறைந்ததாகவே பேசுகிறோம். குடும்பம் தன் கஷ்டத்தை ஒன்றாக உட்கார்ந்து கேட்கிற அந்தக் கால்மணி நேரமும் அதோடு போய்விட்டது.

கல்யாணத்தில் நடப்பதை வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம், ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்கிறோம். நகைக்காகப் பெண் வீட்டார் வயலை விற்றது சபையில் பாதிப் பேருக்குத் தெரியும். அது ஆட்சேபணை ஆவதில்லை. நாம் கட்டும் கடன்களில் ஒரு பெரும் பகுதியை நாமே ஒருவர்மேல் ஒருவர் சுமத்தியிருக்கிறோம். நெகேமியாவின் நாட்களில் எருசலேம் அலங்கம் பாதி கட்டியிருக்கும்போது ஜனங்கள் வந்து அழுதார்கள். நிலத்தையும் திராட்சத்தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துத் தானியம் வாங்கினோம், வரி கட்டக் கடன் வாங்கினோம், பிள்ளைகளை அடிமைகளாக்குகிறோம் என்றார்கள். கொடுத்தவர்கள் அந்நியர்கள் இல்லை, சொந்த யூதர்கள். நெகேமியா கோபப்பட்டு, பெரியவர்களைக் கூட்டி, நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் செய்துவிட்டுத்தான் மறுபடி அலங்கத்தைக் கட்டப் போனான்.

நம் ஊர்களில் கோபுரங்களும் டைல்ஸும் ஏறிக்கொண்டே இருக்கின்றன. அறுப்பின் பண்டிகை ஏலத்தைப் பார்த்திருப்பீர்கள். எனக்கு அது மிகவும் பிடித்த நாள். பீடத்தைச் சுற்றி வாழைக்குலையும் கரும்பும் பூசணியும் கருப்பட்டிச் சிப்பமும் குவிந்திருக்கும். காலைக் கட்டிய சேவல் ஒன்று திண்ணைத் தூணில் கிடந்து கத்தும். ஏலம் தொடங்கினால் ஒரு முருங்கைக்காய் நூறு ரூபாய்க்கும் ஒற்றை எலுமிச்சை ஆயிரத்துக்கும் போகும். வாங்கினவரே மறுபடி கோயிலுக்கு விட்டுக்கொடுப்பார், மறுபடி ஏலம் ஏறும். துபாயிலும் சென்னையிலும் இருந்து வந்தவர்கள் போட்டி போட, மூணு தரம் சொன்னதும் பிள்ளைகள் கைதட்டும். இந்தச் சந்தோஷம் உண்மையானது. ஊரைவிட்டுப் போனவன் ஊருக்குச் செய்கிற மரியாதை அது. ஏலம் கேட்க முடியாதவர்கள் வாசல் பக்கம் நின்று பார்ப்பார்கள். அவர்கள் வீட்டு மரத்து முருங்கைக்காயாகக்கூட அது இருக்கும்.

எலிசா அந்த விதவையைத் தெருவுக்குத்தான் முதலில் அனுப்பினான். அயல்வீட்டுக்காரர் எல்லோரிடமும் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே என்றான். வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினபோது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? கடன் கொடுத்தவன் பிள்ளைகளைக் கொண்டுபோக வந்த வீடு. தெருவுக்கே தெரிந்திருக்கும். அவர்கள் பணம் கொடுக்கவில்லை, இருந்த பாத்திரத்தைக் கொடுத்தார்கள். பாத்திரம் தீர்ந்ததும் எண்ணெய் நின்றது. பெருகிய எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்துவிட்டு, மிஞ்சியதைக் கொண்டு நீயும் பிள்ளைகளும் பிழையுங்கள் என்பது கடைசிக் கட்டளை. அவளைப் பணக்காரி ஆக்கவில்லை. பிள்ளைகளும் அவளும் ஒரே வீட்டில் தொடர்ந்து சாப்பிடும் அளவுக்கு இருந்தது, அவ்வளவுதான்.

வருகிற சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் வைக்க என்னிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. ஏல வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை, உபாகமத்தின் மூன்றாம் வருஷக் கணக்குப்படி, சபைக்குள்ளேயே தவணையில் மாட்டிக்கொண்ட வீடுகளுக்கு ஒதுக்க வேண்டும். வட்டி கூடாது. ஜூன் மாதத்துக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும், பள்ளிக்கூடம் திறந்த பிறகு கொடுப்பதில் பிரயோஜனம் இல்லை. யாருக்குக் கொடுத்தோம் என்று மைக்கில் வாசிக்கக் கூடாது, ரிப்போர்ட்டில் அச்சடிக்கவும் கூடாது. திருப்பித் தர முடிந்தவர்கள் காணிக்கைப் பையில் போட்டுவிடட்டும், முடியாதவர்களைக் கேட்க வேண்டாம். எந்த வீடு என்று கண்டுபிடிக்கிற வேலையைக் கமிட்டிக்காரர்களிடம் விட வேண்டாம். பிடி அரிசிச் சாக்கை விரித்த பெண்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.